எண்ணெய் முழுவதும் இறங்கி இறுகிப்போன டிராக்டர் எஞ்சின்: எங்கிருந்து தொடங்குவது?

வெண்ணாறு உழவன்

அனைவருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கம் ஏழு ஏக்கர் நஞ்சை வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் வாங்கிய மூன்று சிலிண்டர், 35 குதிரைத்திறன் டிராக்டர்தான் எங்கள் நிலத்துக்கும், அக்கம்பக்கத்துக் கூலி உழவுக்கும் இதுவரை ஓடிக்கொண்டிருந்தது. ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்து, ஆற்றில் வந்த தண்ணீர் வாய்க்காலுக்கு ஏறி, குறுவைக்குச் சேறடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அது நின்றுவிட்டது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். மூன்று நாட்களுக்கு முன்புதான் டவுனில் ஒரு பட்டறையில் எஞ்சின் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றியிருந்தோம். அன்று காலை சேற்று உழவுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம் (கேஜ் வீல்) போட்டு இரண்டு மணி நேரம் ஓட்டிய பிறகு வண்டி பாரமாக இழுப்பதை எங்கள் ஓட்டுநர் அண்ணன் கவனித்திருக்கிறார். சேறு ஆழமாக இருக்கிறது என்று எண்ணி ஆக்ஸிலரேட்டரைக் கூட்டியிருக்கிறார். அடுத்து அடிப்பக்கத்தில் கடகடவென்று தட்டும் சத்தம் கேட்டிருக்கிறது. அவர் நிறுத்துவதற்குள் எஞ்சின் தானாகவே நின்றுவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது வயல் தண்ணீரின் மேல் எண்ணெய் ஏழு வண்ணத்தில் படர்ந்திருந்தது. டிப் ஸ்டிக்கில் ஒரு சொட்டும் ஒட்டவில்லை. ஃபில்டரைக் கழற்றியபோது காரணம் தெரிந்தது. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இருக்கையிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதிய ஃபில்டரை வளையத்தோடு ஏற்றியிருந்தார்கள். இரண்டு வளையமும் ஒன்றின் மேல் ஒன்று நழுவி, அந்த இடைவெளி வழியாக முழு எண்ணெயும் வெளியேறியிருக்கிறது. ஆயில் பிரஷர் மீட்டரின் முள் இரண்டு ஆண்டுகளாகவே படுத்துக் கிடக்கிறது. அதை நான் சரிசெய்யாமல் விட்டது என் தவறு, ஓட்டுநர் அண்ணனின் தவறு அல்ல.

இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, ஏழு லிட்டர் புது எண்ணெய் ஊற்றி, மூன்று முறை ஸ்டார்ட்டர் அடித்துப் பார்த்தோம். 'டக்' என்ற ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறது. பேட்டரி வயர் சுடுகிறது. இப்போது ஆளுக்கு ஒரு வழி சொல்கிறார்கள். இன்னொரு டிராக்டரில் கட்டி, கியரில் போட்டு இழுத்தால் விட்டுவிடும் என்கிறார் பக்கத்து வயல்காரர். டீசல் பீச்சும் நாசிலைக் கழற்றி அந்தத் துளை வழியாக டீசல் ஊற்றி இரவு முழுக்க ஊறவைக்கச் சொல்கிறார் ஒருவர். பேரிங் செட் ஒன்று மாற்றினால் இரண்டே நாளில் ஓட்டிவிடலாம் என்கிறார் ஒரு மெக்கானிக். இந்த எஞ்சினை எடைக்குப் போட்டுவிட்டுப் பழைய எஞ்சின் ஒன்று வாங்கி மாட்டுங்கள் என்கிறார் மற்றொருவர். இந்த எஞ்சினைச் செலவு செய்து காப்பாற்றலாமா, காப்பாற்றலாம் என்றால் முதலில் எதைத் தொட வேண்டும் என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற மெக்கானிக்

தம்பி, முதலில் பேட்டரி வயரைக் கழற்றி வையுங்கள். இனி யாரும் ஸ்டார்ட்டரைத் தொட வேண்டாம். கட்டி இழுக்கவே கூடாது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் டிராக்டர் எஞ்சின் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இறுகிய எஞ்சினைக் கியரில் போட்டு இழுத்ததால் கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கீழே சுழலும் கிராங்க் தண்டோடு இணைப்பது) வளைந்து, உடைந்து, எஞ்சினின் உடலான பிளாக்கின் பக்கவாட்டைப் பிளந்துகொண்டு வெளியே வந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கிராங்கையும் ராடையும் மாற்றினால் தீர வேண்டிய வேலை, பிளாக்கே இல்லாத வேலையாக மாறிவிடும்.

அடுத்து, இறுகியிருப்பது எஞ்சின்தானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் விஷயத்தில் ஐயம் குறைவுதான். ஆனாலும் ஸ்டார்ட்டரின் பல், ஃப்ளைவீல் பல்லில் சிக்கிக்கொண்டாலும் இதே 'டக்' சத்தம்தான் வரும். ஸ்டார்ட்டரைக் கழற்றுங்கள். ஃபேன் பெல்ட்டை எடுத்துவிட்டு வாட்டர் பம்பும் டைனமோவும் தனித்தனியாகச் சுற்றுகின்றனவா என்று கையால் பாருங்கள். மூன்று நாசிலையும் கழற்றிவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லியின் நட்டில் சாக்கெட்டும் நீளமான கைப்பிடியும் போட்டு, முன்னும் பின்னுமாக மெல்ல அழுத்திப் பாருங்கள். ஓர் ஆளின் கைப்பலத்துக்கு அசைந்தால் நல்லது. அசையாவிட்டால் கைப்பிடிக்குக் குழாய் மாட்டி நெம்ப வேண்டாம்.

டீசல் ஊறவைப்பதைப் பற்றி ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் மழையில் நின்று, லைனரில் (பிஸ்டன் ஓடும் உருளைச் சுவரில்) பிஸ்டன் ரிங்கு துருப்பிடித்து ஒட்டிய எஞ்சினுக்கு அந்த வைத்தியம் பயன்படும். எண்ணெய் இல்லாமல் ஓடி இறுகிய எஞ்சினில் துரு கிடையாது. அங்கே உலோகம் உருகி உலோகத்தோடு ஒட்டியிருக்கிறது. அதிலும் பெரும்பாலும் ஒட்டுவது பிஸ்டனுக்குக் கீழே, ராடின் கீழ்முனை கிராங்கைப் பிடிக்கும் பிக் எண்ட் பேரிங்கில். மேலே ஊற்றுகிற டீசல் அங்கே போய்ச் சேர்ந்தாலும் ஒன்றும் செய்யாது.

இந்த இறுக்கம் இரண்டு வகைப்படும். ஒன்று, பிஸ்டன் பிடிப்பது. அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு பெருக்கும். 91 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டன் வழக்கத்தைவிட 200 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் 0.4 மி.மீ. பெருக்கும், லைனரும் அதே அளவு சூடேறினால்கூட 0.2 மி.மீ.தான் விரியும். இடையில் எண்ணெய்ப் படலமும் இல்லை என்றால் பிஸ்டன் லைனரில் உரசி, அலுமினியத்தை அதன் மேல் பூசிவிட்டு நின்றுவிடும். இப்படி நின்ற எஞ்சின், ஆறிய பிறகு பல நேரம் தானாகவே விட்டுக்கொடுக்கும். அப்படி விட்டுவிட்டது என்று மகிழ்ந்து அதை மறுபடி ஓட்டுவதுதான் பலர் செய்கிற பிழை. மற்றது, பேரிங் பிடிப்பது. இரு பாதிகளாக வரும் வளைந்த தகடான பேரிங் ஷெல்லின் மேற்பூச்சில் ஈயமும் வெள்ளீயமும் இருக்கும். வெள்ளீயம் 232 டிகிரியிலும், ஈயம் 327 டிகிரியிலும் உருகும். எண்ணெய் நின்றால் அந்தச் சூட்டை எட்ட அதிக நேரம் ஆகாது. பூச்சு உருகி வழித்துக்கொண்டு போன பிறகு ஷெல்லே கிராங்க் பின்னை (கிராங்கில் ராடு மாட்டும் உருளைப் பகுதியை) கவ்விக்கொண்டு, ராடுக்குள் தன் இடத்தை விட்டுச் சுழன்றுவிடும். நின்று இரண்டு மணி நேரம் ஆறியும் உங்கள் எஞ்சின் அசையவில்லை; நிற்பதற்கு முன் அடியில் தட்டும் சத்தமும் கேட்டிருக்கிறது. ஆகவே இது பிக் எண்ட் பிடித்ததாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான சம்பைக் கழற்றும் முன் ஓர் எச்சரிக்கை. லாரியைப் போலப் பெரும்பாலான டிராக்டர்களுக்குத் தனியாக இரும்புச் சட்டம் (சேஸிஸ்) கிடையாது. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சு மூன்றும் ஒன்றோடொன்று போல்ட்டால் இணைந்து, தாமே வண்டியின் உடம்பாக நிற்கின்றன. சில வகைகளில் சம்பே வார்ப்பிரும்பில் செய்யப்பட்டு, முன் அச்சின் பாரத்தைத் தாங்கும் பாகமாக இருக்கும். கியர்பாக்ஸின் கீழே உறுதியான ஸ்டாண்டும், முன் பகுதிக்குச் செயின் பிளாக்கும் கொடுக்காமல் அந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தினால் வண்டி நடுவில் மடங்கி ஆள் மேல் விழும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கீழே படுக்கக் கூடாது.

சம்பு இறங்கியதும் அடியில் இருப்பதைக் கொட்டிவிடாமல் ஒரு வெள்ளைத் தட்டில் எடுத்துப் பாருங்கள். செம்பு நிறத் தகடு போல மின்னினால், பேரிங்கின் மேற்பூச்சு போய் அடிப்படலம் வந்துவிட்டது என்று பொருள். வெள்ளி நிறத்தில் மெல்லிய செதில்கள் இருந்து காந்தத்தில் ஒட்டாவிட்டால் பிஸ்டனின் அலுமினியமாகவோ, பேரிங்கின் பூச்சாகவோ இருக்கும். காந்தத்தில் ஒட்டினால் ரிங்கோ, கிராங்கோ தேய்ந்திருக்கிறது. பிறகு பிக் எண்ட் கேப்களை (ராடின் கீழ் மூடிகளை) ஒன்றொன்றாகக் கழற்றுங்கள். கழற்றும் முன் ராடிலும் கேப்பிலும் ஒரே எண் குத்தப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் நீங்களே குத்திக்கொள்ளுங்கள். ஒரு ராடின் கேப் இன்னொரு ராடுக்கு ஒருபோதும் பொருந்தாது. ஒவ்வொரு கேப்பைக் கழற்றிய பிறகும் கிராங்கை அசைத்துப் பாருங்கள். எந்த ராடை விடுவித்ததும் கிராங்க் சுற்றுகிறதோ, அங்கேதான் பிடித்திருக்கிறது. பார்த்ததை இங்கே எழுதுங்கள். விலை பேசுவதை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

வெண்ணாறு உழவன்

மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்ன முறையிலேயே, ஸ்டாண்டு கொடுத்து, ஊரில் உள்ள ஒரு மூத்த மெக்கானிக்கை உடன் வைத்துக்கொண்டு பிரித்தோம். இரண்டாவது சிலிண்டரின் கேப்பைக் கழற்றி ராடை மேலே தள்ளியதும் கிராங்க் சுற்றிவிட்டது. அந்தக் கிராங்க் பின் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கிறது. ஷெல்லின் இரு பாதிகளும் நழுவாமல் பிடிக்கும் காது அறுந்து, ஒன்றின் அடியில் மற்றொன்று நுழைந்து கிடந்தன. எண்ணெய்த் துளை முழுவதும் மூடியிருந்தது. ஒன்றாம், மூன்றாம் பின்களில் ஷெல் தன் இடத்திலேயே இருந்தாலும் செம்பு தெரிகிறது. கிராங்கைப் பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங்கில் நடுவில் உள்ளவை நன்றாகத் தேய்ந்துவிட்டன. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டையும் இறக்கினோம்: இரண்டாவது லைனரில் வெள்ளிக் கோடுகள் நீளமாக விழுந்திருக்கின்றன, மற்ற இரண்டும் கண்ணுக்கு நன்றாகவே தெரிகின்றன. ஆயில் பம்பின் வலையில் செதில்கள் அடைத்திருந்தன.

மெக்கானிக்கின் எண்ணம், இரண்டாவது ராடையும் ஒரு லைனர் கிட்டையும் (லைனர், பிஸ்டன், ரிங்கு சேர்ந்தது) மாற்றிவிட்டு, அந்த ஒரு பின்னை மட்டும் எமரி தாள் போட்டுத் தேய்த்து ஓட்டலாம் என்பது. குறுவை நடவு கையை விட்டுப் போகிறதே என்ற பதற்றத்தில் எனக்கும் அந்த ஆசை இருக்கிறது.

கிராங்க் கிரைண்டிங் பட்டறை

நண்பரே, நான் தஞ்சாவூரில் கிராங்க் கிரைண்டிங்கும் போரிங்கும் செய்கிறேன். எமரி தாளால் சரிசெய்வது பின்னில் லேசாக ஒட்டிய பூச்சைத் துடைப்பதற்கு உதவலாமே தவிர, நீலம் பாய்ந்த பின்னுக்கு உதவாது. பின்னுக்கும் ஷெல்லுக்கும் இடையில் இருக்க வேண்டிய இடைவெளி ஒரு தலைமுடியின் தடிமன் அளவுதான். பின்னின் விட்டத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பட்டறையில் சொல்கிற கணக்கு, 57 மி.மீ. பின்னுக்கு அது 0.06 மி.மீ. கிட்ட வரும். கையால் தேய்த்தால் பின் வட்டமாக இருக்காது, முட்டை வடிவமாகிவிடும். ஷெல் ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறு பக்கம் தளர்ச்சியாகவும் உட்கார்ந்து, மறுபடி எண்ணெய் வழிந்து, மறுபடி பிடிக்கும்.

கிராங்கை எங்களிடமோ, உங்களுக்கு அருகில் உள்ள நல்ல பட்டறையிலோ கொடுக்கும்போது மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் விரிசல் சோதனை. நீலம் பாய்ந்த பின்னில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் இருக்கலாம். காந்த முறையில் பார்த்தால் தெரிந்துவிடும். விரிசல் இருந்தால் அந்தக் கிராங்க் எடைக்குத்தான் போக வேண்டும். அதை நிரப்பி வெல்டு செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். இரண்டாவது, எல்லாப் பின்களையும் ஒரே அளவுக்கு இறக்க வேண்டும். ஷெல்கள் 10, 20, 30 என்று ஆயிரத்தில் ஓர் அங்குலக் கணக்கில், அதாவது 0.25, 0.50, 0.75 மி.மீ. குறைந்த அளவுகளில் கிடைக்கும். உங்கள் இரண்டாம் பின் எந்த அளவில் சுத்தமாகிறதோ அந்த அளவுக்கே மற்ற பின்களும் வர வேண்டும். மெயின்கள் தனிக் கணக்கு. முன்பே ஒரு முறை கிரைண்டிங் செய்த கிராங்காக இருந்தால் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அளந்த பிறகுதான் சொல்ல முடியும். கடையிலிருந்து ஷெல் கைக்கு வந்த பிறகே கிரைண்டிங்கைத் தொடங்கச் சொல்லுங்கள். கிரைண்டிங்கை முடித்துவிட்டு அந்த அளவு ஷெல் கிடைக்காமல் தவித்தவர்கள் உண்டு.

மூன்றாவது, பின்னின் இரு ஓரங்களிலும் உள்ள வளைவு. கல்லை அவசரத்தில் இறக்கி அந்த வளைவைக் கூர்மூலையாக வெட்டிவிட்டால், பார்ப்பதற்குக் கிராங்க் பளபளவென்று இருக்கும். ஆனால் சில நூறு மணி நேர ஓட்டத்தில் அந்த மூலையிலிருந்தே இரண்டாக முறியும். அளவு சரியாக வந்ததும் கையெழுத்துப் போட்டுக் கிராங்கைக் கொடுப்பவரைவிட, வளைவை விளக்கு வைத்துக் காட்டிக் கொடுப்பவரிடம் வேலையைக் கொடுங்கள்.

இரண்டாவது ராடைக் கண்டிப்பாகப் புதிதாகப் போடுங்கள். ஷெல் சுழன்ற ராடின் துளை வட்டமாக இருப்பதில்லை, சூட்டில் அதன் பதமும் போயிருக்கும். மற்ற இரண்டு ராடுகளின் வளைவையும் முறுக்கையும் சோதித்துக்கொண்டு, மூன்றுக்கும் புதுப் போல்ட்டுகள் போடுங்கள். பிளாக்கில் மெயின் பேரிங் உட்காரும் துளைகளும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று அளப்பது நல்லது. லைனரைப் பற்றி, ஒன்றை மட்டும் மாற்றுவதில் தொழில்முறைத் தடை எதுவும் இல்லை. ஆனால் ஹெட் இறங்கி, சம்பு இறங்கி, கிராங்கும் வெளியே வந்திருக்கும் நிலையில் மற்ற இரண்டையும் போர் கேஜில் அளந்து பார்க்காமல் விடுவது சரியான சிக்கனம் ஆகாது.

கடலைக்காட்டு விவசாயி

திண்டிவனம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மெக்கானிக் சொன்னது போல வேறொரு குறுக்கு வழியை நான் நான்கு ஆண்டுகளுக்கு முன்பு எடுத்தவன் என்பதால், இதைப் படித்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை.

எனக்கும் இதே போல எண்ணெய் போய் ஒரு பிக் எண்ட் பிடித்தது. கிராங்கை ஒழுங்காகக் கிரைண்டிங் செய்தோம், புது ஷெல் போட்டோம், ராடும் மாற்றினோம். அதில் குறை எதுவும் இல்லை. ஆனால் பிளாக்கின் உள்ளே ஓடும் எண்ணெய்ப் பாதைகளை யாரும் திறந்து கழுவவில்லை. சம்பையும் வெளிப்பக்கத்தையும் டீசலில் கழுவிவிட்டு மாட்டிவிட்டார்கள். 40 மணி நேரம் ஓடியது. கடலை பிடுங்கும் பருவத்தில், டிரெய்லரில் பாரம் இழுத்துக்கொண்டு வரும்போது மறுபடி அதே சத்தம். பிரித்துப் பார்த்தால் புது ஷெல்லில் பழைய ஷெல்லின் துகள்கள் குத்திக்கொண்டு நிற்கின்றன. முதல் விபத்தில் பொடியான உலோகம் பாதைகளின் மூலைமுடுக்குகளில் தங்கியிருந்து, எண்ணெய் அழுத்தம் வந்ததும் நேராகப் புதுப் பேரிங்குக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. ஃபில்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். ஃபில்டருக்குப் பிறகு உள்ள பாதையில் தங்கிய துகளை ஃபில்டர் எப்படித் தடுக்கும்? முதல் செலவு முழுவதும் வீணாயிற்று. அந்த ஆண்டுக் கடலை விற்ற பணத்தில் பாதி அந்த எஞ்சினுக்குப் போனது.

இரண்டாம் முறை செய்ததைச் சொல்கிறேன். பிளாக்கிலுள்ள எண்ணெய்ப் பாதையான ஆயில் கேலரியின் முனை பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றினோம். துப்பாக்கிக் குழலைத் துடைப்பதற்கு இருப்பது போன்ற நீண்ட கம்பி பிரஷை ஒவ்வொரு துளையிலும் விட்டு, டீசலும் காற்றும் மாற்றி மாற்றி அடித்து, வெள்ளைத் துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரை கழுவினோம். கிராங்கின் உள்ளே மெயினிலிருந்து பின்னுக்குப் போகும் துளைகளையும் அதே போலச் செய்தோம். கிரைண்டிங் செய்த கல்தூள் அங்கேதான் தங்கும். ஆயில் பம்ப்பைப் புதிதாகப் போட்டோம், ஏனென்றால் பம்ப் உறிஞ்சுவது ஃபில்டருக்கு முந்தைய எண்ணெயை. எல்லாத் துகளும் அதன் பற்களுக்கு இடையில்தான் அரைபட்டுப் போயிருக்கும். அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் ரிலீஃப் வால்வில் ஒரு சிறு துகள் சிக்கித் திறந்தே நின்றாலும் அழுத்தம் ஏறாது. அதையும் கழற்றிக் கழுவ வேண்டும். ஹெட்டின் மேல் வால்வுகளை இயக்கும் ராக்கர் ஷாப்ட்டை மறந்துவிடாதீர்கள். எண்ணெய் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் அது. கடைமடை வயல் மாதிரிதான். தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது அங்கேதான். இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

குறுவை போய்விடும் என்ற கவலை எனக்குப் புரிகிறது. வேளாண்மைப் பொறியியல் துறையில் டிராக்டர் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம். அது கிடைக்கத் தாமதமானால் பக்கத்து வண்டியை வாடகைக்கு எடுத்துச் சேறடித்து முடியுங்கள். எஞ்சினை அவசரப்படுத்தாதீர்கள்.

வெண்ணாறு உழவன்

மூவருக்கும் நன்றி. வாடகை வண்டி வைத்துச் சேற்று வேலையை முடித்துவிட்டோம். நாற்று நடவும் தொடங்கிவிட்டது. எஞ்சினை முழுமையாகச் செய்வதென்று முடிவெடுத்து, கிராங்கைக் கொடுத்துவிட்டேன். விரிசல் இல்லை, 20 அளவில் எல்லாப் பின்களும் சுத்தமாகின்றன என்றார்கள். அதற்குள் பழைய எஞ்சின் ஒன்று நல்ல விலைக்கு வந்திருக்கிறது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அதையும் ஒரு முறை யோசிக்கலாமா?

ஓய்வுபெற்ற மெக்கானிக்

கிராங்க் விரிசல் இல்லாமல் 20 அளவில் வந்துவிட்டது என்றால் இனி யோசிக்கத் தேவையில்லை தம்பி. பழைய எஞ்சினைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். பிளாக் உடைந்திருந்தால் நானே சென்னை புதுப்பேட்டைக்குப் போய்ப் பார்க்கச் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த எஞ்சின் எப்படி ஓடியது, ஏன் கழற்றப்பட்டது என்பது விற்பவருக்கே தெரியாது. வாங்கிய பிறகு அதையும் பிரித்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும். அதோடு உங்கள் ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண் பதிவாகியிருக்கிறது. எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதைத் தெரிவித்துப் பதிவில் மாற்ற வேண்டும். பழைய எஞ்சினுக்கு முறையான விற்பனை ரசீது இல்லாவிட்டால் அந்த வேலை நடக்காது. உங்கள் எஞ்சினுக்கு உரிய பிளாக் உங்களிடம் முழுதாக இருக்கும்போது அதை விட்டுவிடாதீர்கள்.

மூத்த மெக்கானிக் உடன் இருக்கிறார் என்பதால் பூட்டும் வேலையை முழுவதும் எழுதவில்லை. நான் விடாமல் வற்புறுத்துகிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன். ஷெல்லைப் பூட்டும்போது அதன் முதுகும் அது உட்காரும் இடமும் எண்ணெய் இல்லாமல் உலர்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். எண்ணெய் பூச வேண்டியது கிராங்கைத் தொடும் பக்கத்தில் மட்டும். ஷெல்லின் துளையும் பிளாக்கின் துளையும் நேராக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றையும் கண்ணால் பாருங்கள். ஒரு கேப்பை டார்க் ரெஞ்சில் முறுக்கி முடித்ததும் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகினால் அடுத்த கேப்புக்குப் போகாமல் அதை அங்கேயே கழற்றுங்கள். முறுக்கும் அளவை அந்த மாடலின் கையேட்டிலிருந்து எடுங்கள், யாருடைய நினைவிலிருந்தும் எடுக்காதீர்கள். ரிங்கை லைனருக்குள் தனியாக இறக்கி, அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் அளந்த பிறகே பிஸ்டனில் ஏற்றுங்கள். ஹெட்டின் முகம் வளைந்திருக்கிறதா என்று நேர்விளிம்பு வைத்துப் பாருங்கள். அவ்வளவு சூடு கண்ட எஞ்சினில் அது வளைந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

முதல் ஸ்டார்ட்டிங்கைப் பற்றி. புதிதாகப் பூட்டிய எஞ்சினை எண்ணெய் ஏறாத நிலையில் ஸ்டார்ட் செய்தால் அந்தச் சில நொடிகளிலேயே புது ஷெல் காயப்படும். ஃபில்டரில் எண்ணெயை நிரப்பி மாட்டுங்கள். இந்த முறை பழைய வளையம் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன். டீசலை நிறுத்தி வைத்துவிட்டு, நாசில்களைப் பூட்டாமல், ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றுங்கள்; பத்து நொடிக்கு மேல் ஒரே மூச்சில் சுற்ற வேண்டாம். பிரஷர் மீட்டரின் முள் எழுந்த பிறகு நாசிலைப் பூட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். சூடான பிறகு முழு வேகத்தில் 30 முதல் 60 பி.எஸ்.ஐ. வரை இருந்தால் மன நிறைவோடு இருக்கலாம். ஸ்டார்ட் ஆன பிறகு மணிக்கணக்கில் சும்மா ஐடிலில் ஓடவிடும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது, அது தவறு. பாரமே இல்லாமல் ஓடினால் ரிங்கு லைனரில் சரியாக அமராமல் லைனர் கண்ணாடி போலப் பளபளத்துவிடும், பிறகு எண்ணெய் குடிக்கத் தொடங்கும். மிதமான பாரத்தில், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். முதல் 50 மணி நேரத்தில் சேற்று உழவும் பாரமேற்றிய டிரெய்லரும் வேண்டாம். அந்த 50 மணி நேரம் முடிந்ததும் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றி, டாப்பெட் (வால்வு) இடைவெளியை மறுபடி பாருங்கள்.

கடைசியாக, படுத்துக் கிடக்கும் அந்த மீட்டர். அதை மாற்றுவதோடு நிற்காமல், பிளாக்கில் ஆயில் பிரஷர் சுவிட்ச் ஒன்றைப் பூட்டி, அதிலிருந்து ஒரு பஸ்ஸருக்கு வயர் கொடுங்கள். கேஜ் வீல் போட்டுச் சேற்றில் ஓட்டுபவரின் கண் முன்னால் வரப்பிலும் பின்னால் கலப்பையிலும்தான் இருக்கும், மீட்டரில் இருக்காது. அழுத்தம் இறங்கிய உடனே பஸ்ஸர் காதில் அடித்திருந்தால் உங்கள் ஓட்டுநர் வண்டியை அந்த நிமிடமே நிறுத்தியிருப்பார். கிராங்கும் ராடும் பிழைத்திருக்கும். ஆகிற செலவு ஒரு ஃபில்டர் விலைக்குச் சற்றுக் கூடுதல்தான்.

வெண்ணாறு உழவன்

ஐயா, அண்ணன்மார்களே, தகவல் சொல்லத் தாமதமாகிவிட்டது. எஞ்சின் ஓடுகிறது.

மற்ற இரண்டு லைனர்களையும் அளந்தபோது மூன்றாவதில் மேல் ரிங்கு திரும்பும் இடத்தில் படி விழுந்திருந்தது. மூன்று கிட்டும் புதிதாகவே போட்டோம். கேலரி பிளக்குகளைக் கழற்றியபோது திண்டிவனம் அண்ணன் சொன்னது எவ்வளவு உண்மை என்று தெரிந்தது. முன்பக்க பிளக்கின் அடியில் மட்டும் ஒரு தேக்கரண்டி அளவுக்குச் செம்பு நிறச் சேறு இருந்தது. அதைப் பார்த்த பிறகு மெக்கானிக்கும் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்து, அன்று முழுவதும் பிரஷ் போட்டுக் கழுவினார். ஹெட்டின் முகம் வளைந்திருந்தது. லேசாகச் சீவி வாங்கினோம்.

டீசலை நிறுத்தி ஸ்டார்ட்டர் சுற்றியபோது ஐந்தாவது முறையில்தான் முள் எழுந்தது. அதுவரை எங்கள் யாருக்கும் மூச்சு வரவில்லை. இப்போது சூடான பிறகு முழு வேகத்தில் 50 பி.எஸ்.ஐ. காட்டுகிறது, ஐடிலில் 20க்குக் கீழே இறங்குவதில்லை. சுவிட்சும் பஸ்ஸரும் பூட்டியாகிவிட்டது. சாவியைத் திருப்பியதும் கத்தும், ஸ்டார்ட் ஆகி அழுத்தம் வந்ததும் நிற்கும். அதனால் அது வேலை செய்கிறதா என்பது தினமும் காலையிலேயே தெரிந்துவிடுகிறது. ஓட்டுநர் அண்ணன் இப்போது டிப் ஸ்டிக்கைப் பார்க்காமல் சாவியைத் தொடுவதில்லை.

50 மணி நேரம் முடிந்து நேற்று எண்ணெய் மாற்றினோம். கழற்றிய ஃபில்டரை வெட்டி, தாளை விரித்துப் பார்த்தேன். ரம்பத்தால் அறுத்தால் அதன் தூளே உள்ளே விழுந்து ஏமாற்றும் என்று மெக்கானிக் சொன்னதால், டின் திறப்பது போல உளியால் விளிம்பைப் பிரித்தோம். மடிப்புகளில் மிக நுண்ணிய சாம்பல் நிறப் பொடி கொஞ்சம் இருக்கிறது. காந்தத்தில் சிறிதளவு ஒட்டுகிறது. செம்பு நிறத் துகள் எங்கும் இல்லை. புது ரிங்கு அமரும்போது இவ்வளவு வருவது இயல்புதானா, அடுத்த ஃபில்டரை 100 மணி நேரத்திலேயே திறந்து பார்க்க வேண்டுமா?

ஓய்வுபெற்ற மெக்கானிக்

சாம்பல் பொடி இயல்புதான் தம்பி. ரிங்கும் லைனரும் ஒன்றையொன்று பழகும்போது வருவது. செம்பு இல்லை என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. அடுத்த ஃபில்டரை 100 மணி நேரத்தில் திறந்து பாருங்கள். அதில் பொடி இதைவிடக் குறைந்திருந்தால் அதன் பிறகு கையேட்டில் உள்ள கணக்குப்படி மாற்றினால் போதும். சம்பா உழவுக்கு வண்டியைத் தாராளமாக இறக்கலாம்.